சிபிஆர் (நெஞ்சை அமுக்கி உயிரைக் காப்பாத்துற முதலுதவி) பயிற்றுநர் ஆகணும், சேலம் பக்கம் வழி தெரிஞ்சவங்க சொல்லுங்க

வணக்கம். ஏற்காட்டுல ஒரு எஸ்டேட்ல நர்ஸா இருக்கேன். பி.எல்.எஸ். (அடிப்படை உயிர்காப்புப் பயிற்சி) கார்டு கையில இருக்கு. அடுத்து அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷன் இன்ஸ்ட்ரக்டர் கோர்ஸ் முடிக்கணும். அதுக்கு ஒரு ட்ரெயினிங் சென்டர் நம்மளச் சேத்துக்கணும். முதல் வகுப்பு எடுக்குறப்போ அவங்க ஆள் உக்காந்து பாக்கணும். சேலத்துலயோ ஈரோட்டுலயோ அப்படிச் சேத்துக்கிற சென்டர் இருக்கா? கோயமுத்தூர்னாலும் பரவால்ல, சனி ஞாயிறா இருந்தா போதும்.

இங்க யாருக்காவது இதயம் நின்னுட்டா, கீழேருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி 108 வர்ற வரைக்கும் பக்கத்துல நிக்கிறவங்கதானே நெஞ்சை அமுக்கணும்? நிமிஷத்துக்கு 100-120 தடவை, 5 செ.மீ. ஆழம். காப்பி பறிக்கிற அக்காங்க வேகத்தைச் சட்டுனு பிடிச்சுக்கிறாங்க. ஆழம்தான் வரமாட்டேங்குது, தலகாணிய வெச்சு அதை எப்படிச் சொல்லித்தர்றது! பழைய மேனிகின் (பயிற்சி பொம்மை) யாராவது விலைக்குக் கொடுத்தாலும் சொல்லுங்க, அமுக்குனா 'க்ளிக்'னு சத்தம் வர்ற மாடல்னா ரொம்ப நல்லது.