பிலிமில் மட்டும் இருக்கும் காணி உறுதி வழக்கில் எடுபடுமா?

பூநகரி வயல்:
எங்கள் வயல்காணியை அப்பா 1976இல் வாங்கினார். உறுதியை, அதாவது காணிப் பத்திரத்தை, பொலித்தீன் பையில் சுற்றி ஒவ்வொரு இடப்பெயர்விலும் அம்மா கையோடு கொண்டு போனா, 2009இல் மாத்தளனில் அந்தப் பையும் போய்விட்டது. இப்போது காணி வழக்கு. அப்பா முன்பு ஈடு வைத்த வங்கி, பழைய கோப்புகளைச் சிறிதாக்கி மைக்ரோபிலிம் சுருளில் படம் பிடித்துவிட்டுக் கடதாசிகளை அழித்துவிட்டதாம். பிலிமிலிருந்து அச்செடுத்துத் தருவார்கள். நீதிமன்றம் ஏற்குமா?

வவுனியாச் சட்டத்தரணி:
ஏற்க இடமிருக்கிறது, ஆனால் தானாக ஏற்காது. இலங்கையின் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 65ஆம் பிரிவில், மூல ஆவணம் தொலைந்தாலோ அழிந்தாலோ இரண்டாம்நிலைச் சான்று, அதாவது பிரதி போன்றவை, கொடுக்கலாம் என்று இருக்கிறது. அதற்கு முதலில் உறுதி எப்படிப் போனது என்று அம்மா சாட்சி சொல்ல வேண்டும், வயதானவராக இருந்தால் இதைத் தள்ளிப் போடாதீர்கள். 63ஆம் பிரிவின் உதாரணத்தில், படம் பிடிக்கப்பட்டது மூலம்தான் என்று நிரூபித்தால் ஒப்பிட்டுப் பார்க்காத புகைப்படமும் செல்லும் என்று தெளிவாகவே எழுதியிருக்கிறது. எதிர்த்தரப்பு பிடிக்கப் போகும் இடமும் அதுதான்: வங்கி படம் பிடித்தது உங்கள் அப்பாவின் உறுதியையா, கோப்பில் கிடந்த போட்டோப் பிரதியையா? பிரதியின் பிரதி என்றால் வேலை கூடும். இன்னொன்று, முப்பது வருடப் பழைய ஆவணத்துக்கு 90ஆம் பிரிவு தரும் அனுமானம், அதாவது கையெழுத்து உண்மையானது என்று எடுத்துக்கொள்வது, மூலத்துக்குத்தான், பிரதியை வைத்து அதை நம்ப வேண்டாம்.

பழைய எழுதுவினைஞர்:
தம்பி, அந்த ஒரு பக்கத்தை மட்டும் அச்செடுத்து வராதீர்கள். ஒழுங்காக எடுத்த சுருள் என்றால் தொடக்கத்திலும் முடிவிலும் தனிச் சட்டகங்கள் இருக்கும், எந்தக் கோப்புகள், எந்தத் திகதி, யார் எடுத்தது என்று கையெழுத்தோடு. அவற்றையும் கேளுங்கள், சுருளுக்குப் பொறுப்பானவர் சாட்சிக்கு வருவாரா என்றும் கேளுங்கள்.

அப்புறம், பிலிமுக்கு முன்னால் காணிப் பதிவகத்துக்குப் போங்கள். உறுதியை எழுதி அத்தாட்சிப்படுத்தும் நொத்தாரிசு ஒரு படியைத் தன்னிடம் வைத்துக்கொண்டு இன்னொரு படியைப் பதிவகத்துக்கு அனுப்புவது சட்டக் கடமை. அது கிடைத்தால் அத்தாட்சிப்படுத்திய பிரதி எடுக்கலாம். கிளிநொச்சி தனி மாவட்டமானது 1984இல், அதற்கு முன் பூநகரி யாழ்ப்பாண மாவட்டத்தில் இருந்தது, அதனால் உங்கள் உறுதியை யாழ்ப்பாணத்தில் தேட வேண்டும். இலக்கம் பிலிமிலேயே இருக்கும்.

பூநகரி வயல்:
நன்றி ஐயா. இன்று வங்கியில் வாசிக்கும் இயந்திரத்தில் பார்த்தேன். முத்திரைக்கு மேலே அப்பாவின் கையெழுத்து, மூலையில் ஊசி குத்திய துளைகள், மடிப்புக் கோட்டின் நிழல்கூடத் தெரிகிறது. இது மூலம் என்றுதான் நினைக்கிறேன். உறுதி இலக்கத்தையும் நொத்தாரிசின் பெயரையும் எழுதிக்கொண்டேன்.

வவுனியாச் சட்டத்தரணி:
நல்லது. அந்த நிழல் அச்சிலும் தெரியும்படி எடுக்கச் சொல்லுங்கள். திங்கட்கிழமை முதல் வேலையாக யாழ்ப்பாணம் போங்கள்.