கேசினோ அட்டை காட்டினால் கப்பலில் முதலில் ஏற்றுவார்களா?

கேள்வி: ராயல் கரீபியன் கப்பல்களின் கேசினோ சலுகைத் திட்டமான கிளப் ராயலில் எனக்கு பிரைம் நிலை வந்துவிட்டது. மயாமியில் வரிசையைப் பார்த்தாலே மலைப்பு, அம்மாவுக்கு முழங்கால் வலி வேறு. அட்டையைக் காட்டினால் முன்னால் விடுவார்களா?

பதில் 1: பிரைமில் எனக்குப் பிடித்தது கேசினோவில் ஆடும்போது கிடைக்கும் இலவச பானம்தான். பிரைம் நிலைக்கு 2,500 புள்ளி வேண்டும். ஸ்லாட் சூதாட்ட இயந்திரத்தில் 5 டாலர் சுழற்றினால் ஒரு புள்ளி. ஆக 12,500 டாலர் சுழல வேண்டும். இலவசமாம்! மார்ச் 31 தாண்டினால் எண்ணிக்கை மறுபடி பூஜ்யம்.

பதில் 2: அதே நிறுவனத்தின் பயணிகள் சலுகைத் திட்டமான கிரவுன் அண்ட் ஆங்கர் தனிக் கணக்கு, அது கப்பலில் தங்கிய இரவுகளுக்கு. ரெண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். முந்தி ஏற, 'தி கீ' என்ற சலுகைத் தொகுப்பைக் காசு கொடுத்து வாங்கலாம். அம்மாவுக்குச் சக்கர நாற்காலி உதவியை முன்கூட்டியே கேளுங்கள்.

கேட்டவர்: சரி, நாற்காலிதான். "நான் என்ன கிழவியா?" என்பார், அதை எப்படிச் சமாளிப்பது?