மாதம் பத்தாயிரம் பேர் வருகிறார்களாம்!

பத்தமடைப் பாய்க்காரர் | காலை 6.40

வண்ணார்பேட்டை வலைத்தச்சன் நேற்று இரவு இங்கே எழுதியதைப் படித்துத் தூக்கம் கெட்டதுதான் மிச்சம். எங்கள் தெருவில் இரண்டு வீடு தள்ளிப் பாய் விற்கிறவருக்கு இவர் இணையக் கடை கட்டிக் கொடுத்தாராம். “மாதம் பத்தாயிரம் பேர் வருகிறார்கள். முதலில் கூட்டத்தைச் சேருங்கள், வியாபாரம் தானாக நடக்கும்” என்று நமக்கெல்லாம் பாடம் எடுத்திருக்கிறார்.

பத்தாயிரம் பேர்! ஆனித் தேரோட்டத்தன்று நெல்லையப்பர் கோயில் ரத வீதிகளில் நிற்கிற கூட்டத்தையெல்லாம் தன் கடைக்கு வந்த கூட்டம் என்று எந்தப் பொரிகடலை வியாபாரியும் கணக்கெழுதியதில்லை. அஞ்சலகத்தில் எனக்கு முன்னால் வரிசையில் நிற்கிறவர் அந்த இரண்டு வீடு தள்ளிய ஆள்தான். சென்ற வாரம் முழுவதும் அவர் கொண்டுவந்த பார்சல் இரண்டு. அதிலும் ஒன்று அவர் மகளுக்கு. மேலே எழுதியிருந்த முகவரியைப் பார்த்தேன்.

வண்ணார்பேட்டை வலைத்தச்சன் | காலை 7.05

அடுத்தவர் பார்சலில் முகவரி படிக்கிறவரிடம் என்ன பேசுவது, அண்ணாச்சி? பத்தாயிரம் என் கற்பனை அல்ல. திரையில் தெரிகிற எண். படம் பிடித்தும் போட்டிருந்தேன். பாய் என்று தேடினால் அவர் கடை முதல் பக்கத்தில் வருகிறது. உங்கள் கடை எத்தனையாவது பக்கத்தில் வருகிறது என்று பொதுவில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இன்னொன்று. உங்கள் கடையின் முகப்பில் பதினொரு பாய்ப் படங்கள். கேமராவிலிருந்து எடுத்ததை அப்படியே ஏற்றியிருக்கிறீர்கள். கைப்பேசியில் அது திறப்பதற்குள் சந்திப்பிலிருந்து பஸ் பிடித்துப் பத்தமடைக்கே வந்துவிடலாம்.

பாளை கணக்காசிரியர் | காலை 7.30

இருவருக்கும் வணக்கம். வருகை என்று எதைச் சொல்கிறோம் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளலாமே? தேடல் முடிவில் கடையின் பெயர் தோன்றிய எண்ணிக்கை வேறு. அதை அழுத்தி உள்ளே வந்தவர்கள் வேறு. கடையின் பக்கங்களை அனுப்பிவைக்கிற கணினியான சர்வரில் பதிவாகும் கோரிக்கைகள் வேறு. பதினொரு படங்கள் உள்ள பக்கத்தை ஒருவர் ஒருமுறை திறந்தாலே, பக்கத்துக்கு ஒன்று, படங்களுக்குப் பதினொன்று என்று சர்வர் பதிவில் பன்னிரண்டு வரிகளாவது விழுந்துவிடும். தேடல் நிறுவனங்களின் தானியங்கிகள் வந்து படித்துப் போவதும் அதே பதிவில் சேரும். தம்பி சொல்லும் பத்தாயிரம் இவற்றில் எது?

பத்தமடைப் பாய்க்காரர் | காலை 7.34

எதுவாக இருந்தால் என்ன சார்? பத்தாயிரம் பேர் வந்திருந்தால் பார்சல் எங்கே?

வண்ணார்பேட்டை வலைத்தச்சன் | காலை 7.36

பார்சலை ஏன் அஞ்சலகத்தில் மட்டும் எண்ணுகிறீர்கள்? கூரியரில் அனுப்பினால் உங்கள் கண்ணில் படுமா?

பத்தமடைப் பாய்க்காரர் | காலை 8.15

கூரியரா? கோரைப் பாயைக் கூரியரில் அனுப்பிப் பார்த்திருக்கிறீரா? நான் அனுப்பினேன், ஒரே ஒரு முறை. சுருட்டிய பாய் நான்கடி நீளம், அதாவது 120 சென்டிமீட்டர். பெட்டியின் அகலம் 12, உயரம் 12. பெட்டி அடைக்கிற இடத்தையே எடையாக்க, மூன்றையும் பெருக்கி 5,000ஆல் வகுத்தார்கள். மூன்றரைக் கிலோ என்று கட்டணம் போட்டார்கள். பாயின் உண்மையான எடை ஒன்றரைக் கிலோகூட இல்லை. காற்றுக்குக் காசு கட்டிவிட்டு வந்தேன். அன்றிலிருந்து, கைக்குட்டைபோல் மடிகிற பட்டுப்பாய் மட்டும்தான் வெளியூருக்கு. சாதாரணப் பாய் வேண்டும் என்பவரை ‘ஊருக்கு வரும்போது வாங்கிக்கொள்ளுங்கள்’ என்று சொல்லிவிடுகிறேன்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டு பேச வேண்டும். ‘இலவச டெலிவரி’ என்று கொட்டை எழுத்தில் போட்டுக் கூட்டம் சேர்த்தால் பத்தாயிரம் பேர் ஏன், லட்சம் பேர்கூட வருவார்கள். வந்து இலவசத்தைத்தான் பார்ப்பார்கள்.

உடன்குடி கருப்பட்டி | காலை 8.50

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் கடைக்கு ஆள் வந்தது ஒரு கட்டுரையால். கருப்பட்டியில் சீனி கலந்திருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று ஒரு பக்கம் எழுதிப் போட்டேன். பதநீர் காய்ச்சுகிற அடுப்பு, பாகு இறக்குகிற பக்குவம், ஊற்றுகிற சிரட்டை, எல்லாவற்றையும் படத்தோடு. விளம்பரத்துக்குச் செலவழிக்காமலேயே இன்றுவரை அதைத் தேடி வந்து படிக்கிறார்கள். வலைத்தச்சன் சொல்வதில் பாதி உண்மை.

பத்தமடைப் பாய்க்காரர் | காலை 8.58

படித்துவிட்டு வாங்குகிறார்களா?

உடன்குடி கருப்பட்டி | காலை 9.10

அழைக்கிறார்கள். அழைத்தவுடன் கேட்கிற முதல் கேள்வி, ‘உங்களுடையதில் சீனி இல்லை என்று எப்படி நம்புவது?’ சந்தேகப்படக் கற்றுக்கொடுத்தது நான்தானே, பதில் சொல்லத்தான் வேண்டும். பிறகு வாங்குகிறார்கள். மழைக்காலத்தில் கருப்பட்டி கசிந்துபோய்ச் சேர்ந்தால் அதற்கும் அழைக்கிறார்கள்.

பத்தமடைப் பாய்க்காரர் | காலை 9.14

ஆக, பத்தாயிரம் இல்லை.

வண்ணார்பேட்டை வலைத்தச்சன் | காலை 9.20

பத்தாயிரம் உடன்குடிக்காரர் சொன்னதல்ல, நான் சொன்னது. உங்களுக்குப் பதில் சொல்வதைவிட ஆற்று மணலை எண்ணலாம்.

கூகுளுக்குப் பாய் தெரியாது, எழுத்துதான் தெரியும். இதை நான் எத்தனை முறை எழுதுவது? ஊரின் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது ஒருவர் ‘டி’ இரண்டு போடுகிறார், இன்னொருவர் ‘டிஎச்’ போடுகிறார். இரண்டும் பக்கத்தில் இருக்க வேண்டும். ஊர் பெயரே தெரியாதவர் ‘கல்யாணப் பாய் பெயருடன்’ என்று தேடுவார். அதுவும் வேண்டும். உங்கள் பக்கத்தில் என்ன இருக்கிறது? ‘பாரம்பரியம் மிக்க எங்கள் நிறுவனத்துக்கு நல்வரவு.’ அதை யார் தேடப் போகிறார்கள்?

பாளை கணக்காசிரியர் | காலை 9.45

எழுத்து என்றதும் நினைவுக்கு வருகிறது. தம்பி கட்டிய கடையின் மூலநிரலை, அதாவது பக்கத்துக்குப் பின்னால் இருக்கும் நிரல் எழுத்தை, திறந்து பார்த்தேன். தலைப்பகுதியில், வாசகர் கண்ணுக்குத் தெரியாத ‘கீவேர்ட்ஸ்’ பட்டியலில், அறுபதுக்கு மேல் சொற்களை அடுக்கியிருக்கிறார். அல்வாவும் அதில் இருக்கிறது. இந்தப் பட்டியலைத் தர வரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009 செப்டம்பரிலேயே வெளிப்படையாக அறிவித்துவிட்டது.

நான் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

பத்தமடைப் பாய்க்காரர் | காலை 9.47

பாய்க் கடையில் அல்வாவா! இப்போது புரிகிறது பத்தாயிரம் பேர் எப்படி வந்தார்கள் என்று. அல்வா தேடி வந்தவருக்குப் பாயை விரித்துக் காட்டியிருக்கிறார்கள்.

வண்ணார்பேட்டை வலைத்தச்சன் | காலை 9.55

அது பழைய டெம்ப்ளேட்டில் ஒட்டிக்கொண்டு வந்தது. எடுத்துவிடுவேன். பத்தாயிரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கல்லிடை அப்பளம் | முற்பகல் 11.30

அப்பளத்தை வெயிலில் போட்டுவிட்டு வருவதற்குள் இவ்வளவு நடந்திருக்கிறதா? எனக்கு இணையக் கடையே கிடையாது. வாட்ஸ்அப் மட்டும்தான். ஒரே செய்தியைப் பலருக்கும் அனுப்புகிற பட்டியல் ஒன்றில் 256 பேரைத்தான் சேர்க்க முடியும். அதிலும் நம் எண்ணைத் தம் கைப்பேசியில் பதிந்துவைத்தவருக்குத்தான் செய்தி போய்ச் சேரும். ஆறு மாதம் அது தெரியாமல் சுவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். இப்போது ஒவ்வொரு பொட்டலத்துக்குள்ளும் ஒரு துண்டுச் சீட்டு: ‘இந்த எண்ணைப் பதிந்துவைத்தால் பிரண்டை அப்பளம் போடும் நாளில் சொல்வேன்.’ பிரண்டை அப்பளம் எப்போதும் கிடைக்காது என்பதால் பதிந்துவைக்கிறார்கள்.

என்னிடம் இருப்பது ஒரு பட்டியல். அதுவும் நிறையவில்லை. போதும்.

வண்ணார்பேட்டை வலைத்தச்சன் | முற்பகல் 11.41

அது தெரிந்தவர்களுக்கு விற்பது, அக்கா. நான் பேசுவது தெரியாதவர்களை வரவழைப்பது பற்றி.

கல்லிடை அப்பளம் | முற்பகல் 11.43

தெரியாதவர்கள் எல்லோரும் என் வீட்டுக்கு வந்தால் நான் எங்கே போவது?

பத்தமடைப் பாய்க்காரர் | பிற்பகல் 1.10

அக்கா சொன்னதைத்தான் நானும் சொல்கிறேன். பட்டுப்பாய் என்றால் என்ன என்று வலைத்தச்சனுக்குத் தெரியுமா? கோரையைக் கிழித்து, ஓடுகிற தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, நூல் நூலாக எடுத்து நெய்கிறோம். நீளவாக்கில் ஓடும் பாவு நூல் 120 பாவு, 140 பாவு என்று போனால் கையில் துணிபோல் நிற்கும். ஒன்றை முடிக்க வாரக்கணக்கில் ஆகும். பத்தாயிரம் பேரில் நூறு பேர் ஆர்டர் கொடுத்தால் யார் நெய்வது? இவரா?

ஆவணிக் கல்யாணத்துக்குப் பெயர் நெய்த பாய் வேண்டும் என்றால் ஆனியிலேயே கேட்க வேண்டும். ஆகவே வைகாசிக் கடைசியில் ஒரே ஒரு படம் போடுவேன். பாயின் மூலையை என் மனைவி உள்ளங்கையில் மடித்துப் பிடித்திருப்பாள். கை பக்கத்தில் இருந்தால்தான் கோரை எவ்வளவு மெல்லியது என்பது தெரியும். அதற்குக் கீழே விலை, நெய்ய ஆகும் நாள், என் எண். அந்த ஒரு படம் போதும். எனக்குக் கூட்டம் வேண்டாம்.

வண்ணார்பேட்டை வலைத்தச்சன் | பிற்பகல் 1.25

பெயர் நெய்த பாய் என்றதும் வாயைத் திறக்க வேண்டியதாகிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் தங்கை கல்யாணத்துக்கு அண்ணாச்சியிடம்தான் பாய் வாங்கினோம். மணமகள் பெயரில் ‘ழ’ வர வேண்டிய இடத்தில் ‘ள’ நெய்து கொடுத்தார். மண்டபத்தில் அத்தனை பேர் முன்னால் விரித்தோம். மாப்பிள்ளை வீட்டார் இன்றுவரை அவளை அந்த ‘ள’ போட்டுத்தான் கேலியாகக் கூப்பிடுகிறார்கள்.

பத்தமடைப் பாய்க்காரர் | பிற்பகல் 1.27

இதுதான் உள்ளே இருந்ததா? நீர் அனுப்பிய செய்தியிலேயே ‘ள’தான் இருந்தது. இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன். தங்கை பெயரைச் சரியாக எழுதத் தெரியாதவர் எனக்குக் கூகுளில் எழுத்தின் அருமையைச் சொல்ல வந்துவிட்டார்.

வண்ணார்பேட்டை வலைத்தச்சன் | பிற்பகல் 1.29

தட்டச்சில் தவறியது. நெய்கிறவர் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?

பத்தமடைப் பாய்க்காரர் | பிற்பகல் 1.30

பத்தாயிரமும் தட்டச்சில் தவறியதா? ஒரு சைபர் கூடிவிட்டதோ? இரண்டோ?

பாளை கணக்காசிரியர் | பிற்பகல் 2.00

நான் காலையில் கேட்டது அதைத்தான்.

பெங்களூர்வாசி | பிற்பகல் 2.40

வணக்கம். எனக்குச் சொந்த ஊர் வீரவநல்லூர். தற்செயலாக இங்கே வந்தேன். அந்த உள்ளங்கை வர்ணனையைப் படித்ததும் ஆசை வந்துவிட்டது. ஆறுக்கு நான்கு பட்டுப்பாய், 120 பாவு, என்ன விலை?

உடன்குடி கருப்பட்டி | பிற்பகல் 2.55

பெயர்ப் பலகைகூட இல்லாமல் கீழ ரத வீதியில் இருட்டுக்கடை அல்வாவுக்கு மாலையானால் வரிசை நிற்கிறதே, அதைப் பற்றி யாரும் பேசவில்லை. அவர்கள் எந்தக் கூகுளைக் கேட்டார்கள்? சரக்கு நன்றாக இருந்தால் ஆள் வரும். எங்கள் பக்கம் எல்லோரும் இதைத்தான் சொல்வோம்.

வண்ணார்பேட்டை வலைத்தச்சன் | பிற்பகல் 3.05

‘எங்கள் பக்கம்’ என்றால்? உடன்குடி தூத்துக்குடி மாவட்டம். எங்கள் அல்வாவை எங்களுக்கே உதாரணம் காட்ட வேண்டாம். அதோடு, கோயிலுக்கு எதிரே கடை கிடைத்தால் எனக்கும் பலகை வேண்டாம். இணையத்தில் கோயில் எது? தேடல்தான் கோயில். அதன் எதிரே இடம் பிடிக்கத்தான் நான் இத்தனை பாடுபடுகிறேன்.

உடன்குடி கருப்பட்டி | பிற்பகல் 3.12

1986 வரைக்கும் நாங்களும் திருநெல்வேலி மாவட்டம்தான், தம்பி. நீங்கள் பிறப்பதற்கு முந்திய கதையாக இருக்கும். 2019இல் தென்காசியையும் பிரித்துவிட்டார்கள். அப்படியானால் குற்றாலத்தில் குளித்தாலும் வெளியூர்க் குளியலா?

எங்கள் கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதை முகப்பிலேயே போட்டிருக்கிறேன்.

பத்தமடைப் பாய்க்காரர் | பிற்பகல் 3.20

எங்கள் பாய்க்கு உங்களுக்கு முன்பே கிடைத்துவிட்டது. நான் அதை முகப்பில் போட்டுக்கொண்டு திரிவதில்லை.

வண்ணார்பேட்டை வலைத்தச்சன் | பிற்பகல் 3.22

அதுதான் கோளாறே! போட வேண்டியதைப் போடுவதில்லை. ‘நல்வரவு’ மட்டும் போடுகிறீர்கள்.

கல்லிடை அப்பளம் | மாலை 4.30

பெரிய விற்பனைத் தளம் ஒன்றில் சேரலாமா என்று பார்த்தேன், ஜிஎஸ்டி எண் கேட்டார்கள். யாருக்காவது விவரம் தெரியுமா?

பாளை கணக்காசிரியர் | மாலை 4.50

2023 அக்டோபர் 1 முதல், மாநிலத்துக்குள் மட்டும் சரக்கு விற்கிற, ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டாத சிறு வணிகர்கள் அந்தப் பதிவு இல்லாமலேயே இத்தகைய தளங்களில் விற்கலாம், அம்மா. அதற்கெனத் தனிச் சேர்க்கை எண் ஒன்று வாங்க வேண்டும். வெளி மாநிலத்துக்கு அனுப்பினால் இந்தச் சலுகை கிடையாது.

கல்லிடை அப்பளம் | மாலை 4.52

நன்றி சார். என் அப்பளத்தில் பாதி மும்பைக்குத்தான் போகிறது. அப்படியானால் வாட்ஸ்அப்பே கதி.

பெங்களூர்வாசி | மாலை 5.15

ஆறுக்கு நான்கு பாய் விலை கேட்டிருந்தேன்...

உடன்குடி கருப்பட்டி | மாலை 5.18

கருப்பட்டி வேண்டுமானால் சொல்லுங்கள், பெங்களூருக்கு மூன்று நாளில் வரும்.

பத்தமடைப் பாய்க்காரர் | மாலை 5.40

இப்போதுதான் அஞ்சலகத்திலிருந்து வருகிறேன். அந்த இரண்டு வீடு தள்ளிய ஆள் இன்று வரவே இல்லை. பத்தாயிரம் பேரையும் உட்காரவைத்துக் காபி கொடுத்துக்கொண்டிருக்கிறார்போல.

வண்ணார்பேட்டை வலைத்தச்சன் | மாலை 5.44

அவர் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார். முகவரி உங்களுக்குத்தான் தெரியுமே.

பத்தமடைப் பாய்க்காரர் | மாலை 5.51

கடைக்காரர் ஊரில் இல்லை. வருகிறவர்களுக்கு யார் பதில் சொல்வது? அந்தப் பத்தாயிரத்தில் இன்று எத்தனை பேர் வந்தார்கள் என்று திரையைப் பார்த்துச் சொல்லும். கணக்காசிரியர் சாருக்காகவாவது சொல்லும்.

பாளை கணக்காசிரியர் | மாலை 5.55

என்னை இழுக்க வேண்டாம். எண்ணை மட்டும் சொன்னால் போதாது, அது எதை எண்ணியது என்பதையும் சேர்த்துச் சொல்லச் சொன்னேன்.

வண்ணார்பேட்டை வலைத்தச்சன் | மாலை 6.02

நாளைக்குப் புதிதாகப் படம் பிடித்துப் போடுகிறேன். அதற்கு முன் அண்ணாச்சி, அந்த ‘ள’ செய்தியை அழிக்காமல் வைத்திருப்பதாகச் சொன்னீர்களே, அதைப் போடுங்கள் பார்ப்போம்.

பத்தமடைப் பாய்க்காரர் | மாலை 6.03

பழைய கைப்பேசியில் இருக்கிறது. தேடிக்கொண்டிருக்கிறேன்.