பயனர் ஹோம் டைரக்டரியில் ஓடும் ஜாவா வெப் ஆப்: எச்டிஎம்எல் வருகிறது, சர்வ்லெட் கிளாஸ் மட்டும் லோட் ஆகவில்லை

கேள்வி

லினக்ஸ் சர்வரில் டாம்கேட் 9 (ஜாவா வெப் ஆப்களை ஓட்டும் சர்வர்). சர்வர்.எக்ஸ்எம்எல்-இல் ஹோஸ்ட்டுக்குள் யூசர்கான்ஃபிக் லிசனர் போட்டிருக்கிறது. அதனால் ஒவ்வொருவரின் பப்ளிக்_எச்டிஎம்எல் ஃபோல்டரும் ~பயனர்பெயர் என்ற முகவரியில் தனி ஆப்பாக வருகிறது. என் எச்டிஎம்எல் பக்கங்கள் சரியாகத் திறக்கின்றன. சர்வ்லெட்டை (கோரிக்கைக்குப் பதில் தரும் ஜாவா கிளாஸ்) அழைத்தால் முதல் தடவை 500 (சர்வர் பிழை), லாகில் கிளாஸ்நாட்ஃபவுண்ட்எக்ஸெப்ஷன் (கிளாஸ் கிடைக்கவில்லை). அடுத்த தடவையிலிருந்து 404 (பக்கம் இல்லை). வெப்-இன்ஃப்/கிளாஸஸ்/செயலி ஃபோல்டரில் கிளாஸ் கோப்பு இருப்பது கண்ணுக்குத் தெரிகிறது. கிளாஸ்பாத் வேரியபிளையும் (ஜாவா கிளாஸ்களைத் தேடும் இடங்களின் பட்டியல்) அந்த ஃபோல்டருக்கு வைத்துப் பார்த்துவிட்டேன். எங்கே தேடுவது?

பதில் 1

கிளாஸ்பாத்தை விட்டுவிடுங்கள். டாம்கேட்டின் ஸ்டார்ட் ஸ்கிரிப்ட் அதைக் கண்டுகொள்வதே இல்லை. உங்கள் ஷெல்லில் வைத்தது வேறொரு பயனராக ஓடும் சர்வீஸுக்குப் போய்ச் சேரவும் சேராது. வெப் ஆப்பின் கிளாஸ்லோடர் (கிளாஸ்களைத் தேடி ஏற்றும் பகுதி) முதலில் ஜேவிஎம்மின் (ஜாவாவை ஓட்டும் மென்பொருள்) சொந்தக் கிளாஸ்கள், பிறகு வெப்-இன்ஃப்/கிளாஸஸ், பிறகு வெப்-இன்ஃப்/லிப்-இல் உள்ள ஜார்கள் (கிளாஸ்களைக் கட்டிய கோப்புகள்), கடைசியில் டாம்கேட்டின் பொது லிப் என்ற வரிசையில் தேடும்.

500-க்குப் பிறகு 404 வருவது நல்ல தடயம். முதல் அழைப்பில் கிளாஸ் கிடைக்காததால் அந்தச் சர்வ்லெட்டை 'கிடைக்காது' என்று டாம்கேட் குறித்துவைக்கிறது. அதன்பின் கோப்பைச் சரிசெய்தாலும், ஆப் மறுபடி தொடங்கும்வரை 404தான். அதனால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு ரீஸ்டார்ட் செய்துவிட்டு முதல் அழைப்பை மட்டும் நம்புங்கள்.

இன்னொன்றும் இதிலிருந்து தெரிகிறது. வெப்.எக்ஸ்எம்எல் (எந்த முகவரிக்கு எந்தச் சர்வ்லெட் என்று சொல்லும் கோப்பு) படிக்கப்பட்டிருக்கிறது; இல்லையென்றால் முதல் அழைப்பே 404 ஆகியிருக்கும். ஆக ஹோம், பப்ளிக்_எச்டிஎம்எல், வெப்-இன்ஃப் மூன்றையும் டாம்கேட் தாண்டிவிட்டது. கோளாறு கிளாஸஸ் ஃபோல்டரிலோ அதற்குக் கீழேயோ இருக்கிறது, அல்லது வெப்.எக்ஸ்எம்எல்-இல் எழுதிய பெயரில். பேக்கேஜோடு முழுப்பெயர், பெரிய எழுத்து சின்ன எழுத்து உட்பட, அப்படியே பொருந்த வேண்டும்.

பதில் 2

பெயர் சரியென்றால் அனுமதிதான். யூமாஸ்க் (புதிய கோப்புகளிலிருந்து எந்த அனுமதியைக் கழிப்பது என்ற அமைப்பு) 077 உள்ள கணக்கில் ஜாவாசி (ஜாவா கம்பைலர்) புதிதாக உருவாக்கும் பேக்கேஜ் ஃபோல்டர் 700 (உரிமையாளருக்கு மட்டும்) ஆகத்தான் வரும். உங்களுக்குத் தெரியும், டாம்கேட்டுக்குத் தெரியாது. படிக்க முடியாத கோப்பை அது 'இல்லை' என்றே எடுத்துக்கொள்கிறது. லாகில் அனுமதி என்ற பேச்சே வராததற்குக் காரணம் இதுதான்.

நேம்ஐ கட்டளையை -எல் போட்டு, கிளாஸ் கோப்பின் முழுப் பாதையோடு ஓட்டுங்கள். ரூட்டிலிருந்து கோப்புவரை ஒவ்வொரு படியின் அனுமதியும் வரிசையாக வரும். ஹோமுக்கு 711 (மற்றவர்கள் கடந்துபோக மட்டும்) போதும். மற்ற ஃபோல்டர்களுக்கு 755, கோப்புகளுக்கு 644 (இரண்டிலும் மற்றவர்களும் படிக்கலாம்).

பதில் 3

755, 644 வேலை செய்யும், ஆனால் பலர் பயன்படுத்தும் சர்வரில் நான் அதைச் சொல்ல மாட்டேன். வெப்-இன்ஃப்-இல் டேட்டாபேஸ் பாஸ்வேர்ட் இருந்தால் லாகின் உள்ள எல்லோரும் படிப்பார்கள். செட்எஃப்ஏசிஎல் (ஏசிஎல் என்ற, பயனர்வாரியான அனுமதிப் பட்டியலை அமைக்கும் கட்டளை) மூலம் டாம்கேட் ஓடும் பயனருக்கு மட்டும் படிக்கும் அனுமதியும், ஃபோல்டர்களுக்குள் நுழையும் அனுமதியும் கொடுங்கள். கூடவே கிளாஸஸ் மேல் டிஃபால்ட் ஏசிஎல்-உம் (புதிய கோப்புகளுக்குத் தானாக ஒட்டுவது) வையுங்கள். அது இருக்கும் ஃபோல்டரில் புதிதாக உருவாகும் கோப்புகளுக்கு யூமாஸ்க் கணக்கில் வராது, அடுத்த கம்பைலிலும் கெடாது. வேறிடத்திலிருந்து எம்வி செய்த (நகர்த்திய) கோப்புக்கு மட்டும் அது ஒட்டாது.

அதே ஃபோல்டரை அப்பாச்சி வெப் சர்வரின் யூசர்டிர் மாட்யூலும் (பயனர் ஃபோல்டர்களைக் காட்டும் பகுதி) பரிமாறினால், அங்கே வெப்-இன்ஃப்-ஐத் தடுத்தே ஆக வேண்டும். அதை மறைப்பது டாம்கேட் மட்டும்தான். அப்பாச்சி கேட்டவருக்கு எடுத்துக் கொடுத்துவிடும்.

கிளாஸை ஜாராகக் கட்டி டாம்கேட்டின் பொது லிப்-இல் போடச் சிலர் சொல்வார்கள். வேண்டாம். அது எல்லாப் பயனர்களின் ஆப்புக்கும் தெரியும், ஸ்டாடிக் மாறிகளும் பொதுவாகிவிடும். மேலே இருக்கும் லோடரால் உங்கள் வெப்-இன்ஃப்-க்குள் எட்டிப் பார்க்க முடியாது என்பதால் புதிதாக நோகிளாஸ்டெஃப்ஃபவுண்ட்எரர் (தேவையான கிளாஸ் கிடைக்காத பிழை) கிளம்பும்.

கேள்வி கேட்டவர்

நேம்ஐ-இல் 'செயலி' ஃபோல்டர் 700 என்று வந்தது. ஏசிஎல் வைத்து ரீஸ்டார்ட் செய்தேன். இப்போது அன்சப்போர்ட்டட்கிளாஸ்வெர்ஷன்எரர்: 61.0, ஏற்பது 55.0 வரை.

பதில் 1

அப்படியென்றால் கோப்பைப் படித்துவிட்டது. 61 என்பது ஜாவா 17, 55 என்பது ஜாவா 11. உங்கள் கம்பைலர் 17, டாம்கேட் ஓடுவது 11-இல். ஜாவாசிக்கு --ரிலீஸ் 11 கொடுத்து மறுபடி கம்பைல் செய்யுங்கள். டாம்கேட்டின் லிப்-இல் உள்ள சர்வ்லெட்-ஏபிஐ ஜாரை -சிபி-யில் (கம்பைலருக்கான கிளாஸ்பாத்) காட்டினால் போதும், அதை வெப்-இன்ஃப்/லிப்-இல் நகலெடுக்க வேண்டாம். பழைய கிளாஸ் கோப்புகளை அழித்துவிட்டுச் செய்யுங்கள், ஒன்றிரண்டு 61 மிச்சமிருந்தால் இதே பிழை வேறொரு பக்கத்தில் திரும்ப வரும்.