காபிப்பூ வெச்ச ரெசின்ல குமிழி நிக்குது, குக்கர்ல பிரஷர் குடுக்கலாமா?

மலைக்காத்து (ஏற்காடு):
வணக்கங்க. காபிப்பூ, மொளகு எல இதெல்லாம் உள்ள வெச்சு கிளியர் எபாக்ஸி ரெசின்ல (ஊத்துனா கண்ணாடி மாதிரி எறுகுற பிசின்) கீசெயின், பேப்பர்வெயிட் செய்யறேன், ஏரிப் பக்கம் வர்றவங்க வாங்குறாங்க. கீசெயின் சுத்தமா வருது, ஆனா பேப்பர்வெயிட்டுக்கு மொத்தமா ஊத்துனா பூவச் சுத்தி குமிழி, மேல வர்றது ஹீட் கன் காட்டுனா ஒடையுது உள்ள இருக்கறது அப்படியே தங்கிருது. பிரஷர்ல வெச்சா சரியாவும்ங்கறாங்க. வீட்டுல பழைய பெரிய குக்கர் இருக்கு, விசில் எடத்துல டியூப் வால்வு வெச்சு கம்ப்ரஸர்ல காத்து ஏத்தலாமா?

கொலுசுப்பட்டறை (செவ்வாய்ப்பேட்டை):
தம்பி அந்தக் குக்கரத் தொடவே தொடாதீங்க. வீட்டுக் குக்கர் 15 பிஎஸ்ஐ (காத்தழுத்தத்த அளக்கற கணக்கு) சுமாருக்குத்தான் செஞ்சது, ரெசினுக்கு 40லேர்ந்து 60 வேணும். 24 சென்டிமீட்டர் மூடிமேல 40 பிஎஸ்ஐன்னா 1,200 கிலோவுக்கு மேல தள்ளுது, கணக்குப் போட்டுப் பாருங்க, அது பிச்சுக்கிட்டு வந்தா எதிர்ல நிக்கறவங்க கதி என்ன. பிவிசி பைப்புல செய்யறதும் வேண்டாம், சில்லு சில்லாத் தெறிக்கும். பெயிண்ட் அடிக்கற பிரஷர் டேங்க் வாங்குங்க, எவ்வளவு தாங்கும்னு தகட்டுல போட்டிருக்கும், அதுக்குக் கீழயே ஓட்டுங்க, சேஃப்டி வால்வு கட்டாயம் இருக்கணும், காத்து மொத்தமும் எறங்கின பொறவுதான் மூடி கிளாம்ப்புல கை வெக்கணும்.

இன்னொண்ணு, பிரஷர் குமிழிய வெளிய தள்ளாது, சுருக்கும், அவ்வளவுதான். 45 பிஎஸ்ஐ ஏத்தினா குமிழி கால்வாசியாவும் (ஏற்காடு 1500 மீட்டர் ஒசரம், காத்தழுத்தமே கம்மி, அங்க இன்னுங்கொஞ்சம் சுருங்கும்), பொடிசா இருக்கறது ரெசின்லயே கரஞ்சிடும், பெருசு சிறுத்துப் போய் உள்ளயே நிக்கும். அதனால கலக்கறப்பவே நிதானமாக் கலக்கி மெல்லிசா நூல் விட்டு ஊத்துங்க. ரெசின் எறுகறதுக்குள்ள பிரஷர் டேங்குக்குள்ள போயிரணும், கெட்டியாவற வரைக்கும் பிரஷர் எறங்கவே கூடாது, பாதில எறங்கினா சுருங்குனது திரும்ப ஊதிக்கும்.

அம்மாபேட்டை அக்கா:
அண்ணா சொன்னது சரிதான், ஆனா ரெசின் ஊத்தற அச்சு, அதான் மோல்டு, அதப் பத்தி யாரும் சொல்லலியே. சாதாரணமா ஊத்துன சிலிகான் மோல்டுல தோலுக்கடில பொடிப் பொடியா காத்து இருக்கும், பிரஷர் ஏறினதும் அந்த எடம் அமுங்கி ரெசின் அங்க எறங்கிரும், பீஸ் எடுத்தா மேலெல்லாம் சின்னச் சின்ன மொட்டா இருக்கும். நெறைய பேரு ரெசின் சரியில்லனு கம்பெனிய மாத்திக்கிட்டே இருக்காங்க, தப்பு மோல்டுல. மோல்டு செய்யறப்ப சிலிகானயும் அதே டேங்குல அதே பிரஷர்ல வெச்சு எறுக விடுங்க, இல்ல வேக்குவம்ல காத்த எடுத்துட்டு ஊத்துங்க. பிளாட்டினம் சிலிகானா இருந்தா லேட்டக்ஸ் கையுற போட்டுத் தொடாதீங்க, பட்ட எடம் பிசுபிசுன்னே கெடக்கும், நைட்ரைல் போடுங்க.

மலைக்காத்து:
ரொம்ப நன்றிங்க ரெண்டு பேருக்கும், குக்கர் யோசனைய விட்டுட்டேன். பூ பறிச்ச அன்னைக்கே வெக்கறேன், வாடிருமேன்னு. அது பரவால்லீங்களா?

அம்மாபேட்டை அக்கா:
பச்சையா வெக்காதீங்க தம்பி, பூவுக்குள்ள இருக்கற தண்ணிய எந்தப் பிரஷரும் எடுக்காது, கொஞ்ச நாள்ல பழுப்படிச்சிரும். ஈரத்த உறிஞ்சற சிலிக்கா ஜெல்லுக்குள்ள பொதச்சு ஒரு வாரம் விடுங்க, காஞ்சதும் மொதல்ல பிரஷ்ஷால பூமேல ரெசின் தடவி இதழுக்கு நடுவுல இருக்கற காத்த வெளியேத்திட்டு பொறவு ஊத்துங்க. காபிப்பூ கோடை மழைக்கப்புறம் ரெண்டு மூணு நாள்தான நிக்கும், அப்பவே மொத்தமாக் காயவெச்சு டப்பால ஜெல்லோட மூடி வெச்சீங்கன்னா வருசம் பூரா ஓட்டலாம்.

கொலுசுப்பட்டறை:
மலைல குளுருக்கு ரெசின் கெட்டியா இருக்கும், குமிழி மேல வரவே வராது. பாட்டிலோட வெதுவெதுப்பான தண்ணில கொஞ்ச நேரம் வெச்சுட்டுக் கலக்குங்க, தண்ணி உள்ள போயிராமப் பாத்துக்குங்க, சூடான ரெசின் வெரசா எறுகும்ங்கறதும் ஞாபகம் இருக்கட்டும். பேப்பர்வெயிட் மொத்தத்துக்கு டீப் போர் ரெசின்தான் (ஆழமா ஊத்தறதுக்குன்னே இருக்கறது) வாங்கணும், மெல்லிசாப் பூசற கோட்டிங் ரெசின ஒரே தடவைல ஊத்துனா சூடேறி வெடிப்பு விடும். டேங்க் வந்ததும் காலியா 40 ஏத்தி ஒரு ராத்திரி விட்டு கேஜப் பாருங்க, எறங்கியிருந்தா இணைப்புல எல்லாம் சோப்புத் தண்ணி தடவுங்க, நொர வர்ற எடத்துல டெஃப்லான் டேப் சுத்தி முறுக்குங்க, அப்புறமா ரெசின் கலக்கலாம்.