புடோகானில் 35 நிமிடம் 50 விநாடி

பள்ளிக்கூட நாட்களில் டிரம்ப் கார்டு ஆடியதோடு ரெஸ்லிங் எனக்கு முடிந்துபோயிருந்தது. "எல்லாம் முன்னாடியே பேசி வைத்ததுடா" என்று யாரோ சொன்ன அன்றே கார்டுக் கட்டைத் தம்பியிடம் கொடுத்துவிட்டேன். பல வருடம் கழித்து, தூக்கம் வராத ஒரு ராத்திரியில் பழைய பதிவு ஒன்றைப் போட்டேன். 1994 ஜூன் 3, டோக்கியோ நிப்பான் புடோகான் அரங்கம். ஆல் ஜப்பான் என்ற ரெஸ்லிங் நிறுவனத்தின் உச்சப் பட்டமான டிரிபிள் கிரவுன் மிட்சுஹாரு மிசாவாவிடம் இருக்கிறது. பறிக்க வந்திருப்பவர் தோஷியாக்கி கவாடா.

வர்ணனையில் ஒரு சொல் புரியவில்லை. புரியாதது ஒரு குறையாகவும் படவில்லை. கவாடாவுக்கு ஆயுதம் கால், மிசாவாவுக்கு முழங்கை. அடி வாங்கும் கவாடாவைப் பாருங்கள்: முழங்கால் துவண்டு, கண் செருகி, விழலாமா வேண்டாமா என்று உடம்பே யோசிக்கிற மாதிரி ஒரு தள்ளாட்டம். எதிரில் மிசாவாவின் முகம் கல்.

இருவரும் ஒரே உயர்நிலைப் பள்ளி என்பதும், மிசாவா ஒரு வருடம் சீனியர் என்பதும் அப்புறம்தான் தெரிந்தது. 1990இல் மிசாவா அதுவரை போட்டு ஆடிய புலி முகமூடியை ரிங்கிலேயே துறந்தபோது பின்னால் நின்று முடிச்சை அவிழ்த்தவரும் இதே கவாடாதான். அதற்குப் பிறகு பார்த்தால் ஒவ்வொரு உதையும் வேறு மாதிரி விழுகிறது. முடிவு பேசி வைத்ததாகவே இருக்கட்டும். அந்த உதைகள் பேசி வைத்தவை என்று அந்த மார்பிடம் யார் சொல்வது?

மிசாவாவின் டைகர் டிரைவர் தெரியும்தானே? எதிராளியின் இரு கைகளையும் பின்னால் பூட்டித் தூக்கி, முதுகு தரையில் படப் போடுவது. அதிலேயே கொடூரமான ஒரு வகை உண்டு: முதுகுக்குப் பதில் கழுத்தும் தலையும் இறங்கும். 1991இல் அகிரா தாவேயின் மேல் போட்டதால் அதன் பெயரே டைகர் டிரைவர் '91. அன்று கவாடாவுக்கும் அதுவே முடிவாக வந்தது. 35 நிமிடம் 50 விநாடி. படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தவன் எழுந்து உட்கார்ந்திருந்தேன்.

•

அண்ணா, நீங்கள் எழுதியதைப் படித்தேன். நான் பார்த்ததும் இதே ஆட்டம்தான். ஆனால் இப்போதெல்லாம் கடைசி ஒரு நிமிடத்துக்கு முன்னால் நிறுத்திவிடுகிறேன். 2009 ஜூன் 13, ஹிரோஷிமா. பின்னாலிருந்து தூக்கி முதுகுப்பக்கமாக வீசும் பேக்டிராப் ஒன்றை வாங்கிய மிசாவா ரிங்கிலேயே நினைவிழந்து அன்றிரவே இறந்துபோனார். 46 வயது. அந்தச் செய்தி தெரிந்த பிறகு, தலை தரையில் மோதும் சத்தத்துக்குக் கைதட்ட எனக்கு மனம் வரவில்லை. எதிராளியை அமுக்கிப் பிடிக்க, நடுவர் மூன்றில் இரண்டை எண்ணும்போதெல்லாம் அரங்கம் காலால் தரையை அதிரவைக்குமே, அது இன்றும் பிடிக்கும். அதோடு சரி.

•

வேலை விஷயமாக டோக்கியோவில் இருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை குடான்ஷிதா ரயில் நிலையத்தில் இறங்கி, அகழியை ஒட்டி மேடேறி புடோகானுக்குப் போனேன். எண்கோணக் கூரை, உச்சியில் வெங்காயம் மாதிரி ஒரு தங்கக் குமிழ். 1964 ஒலிம்பிக்கின் ஜூடோவுக்காகக் கட்டியது. அன்று உள்ளே ஏதோ இசை நிகழ்ச்சி, வாசலோடு திரும்பினேன்.

அடுத்த வாரம் டோக்கியோவின் செதகாயா பகுதியில் கவாடா நடத்தும் ராமென் கடைக்குப் போனேன். 2010இல் ஆரம்பித்த கடை. அடுப்படியில் அவரேதான். மிசாவாவின் கழுத்தைக் குறிவைத்து உதைத்த மனிதர் என் கிண்ணத்தில் நூடுல்ஸ் போட்டுக்கொண்டிருந்தார். ஜூன் 3 பற்றிக் கேட்க நாலு வாக்கியம் ஜப்பானிய மொழியில் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். ஒன்றும் வாயில் வரவில்லை. சூப்பை ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டு, சாப்பிட்டு முடித்ததும் ஜப்பானியர் நன்றியாகச் சொல்லும் "கொச்சிசோசாமா"வை மட்டும் சொல்லி வெளியே வந்தேன்.