பல அலைநீளமா, பல்லலைப்பட்டையா?

வணக்கம்.

வானியல் ஆய்வுத் தலைப்பு ஒன்றைத் தமிழாக்க ‘ஒளிமிகு வானொலி மண்டலங்களின் பல அலைநீள ஆய்வு’ என்ற முன்மொழிவைப் பார்த்தேன். ‘மண்டலம்’ (galaxy, விண்மீன்களின் பெருங்கூட்டம்) இருக்கட்டும். மற்றவற்றை மாற்ற வேண்டும் என்று நினைக்கிறேன்.

‘வானொலி’ என்றதும் ஒலிபரப்புதான் நினைவுக்கு வரும். இங்கே ஒலி எதுவும் இல்லை. ‘ரேடியோ’ என்றே எழுதலாம், எல்லோருக்கும் புரியும்.

‘ஒளிமிகு’ இன்னும் தவறாக வழிகாட்டும். சிக்னஸ் ஏ என்ற மண்டலம் ஏறத்தாழ 75 கோடி ஒளியாண்டு தொலைவில் இருந்தும், ரேடியோவில் வானத்தின் மிகப் பொலிவான மூலங்களுள் ஒன்று. கண்ணுறு ஒளியிலோ மங்கலான ஒரு சிறு திட்டு, அவ்வளவுதான். 1946இலேயே தனி ரேடியோ மூலமாகத் தெரிந்துவிட்ட அதை, இன்ன மண்டலம்தான் என்று வானியலாளர்கள் பாடேயும் மின்கோவ்ஸ்கியும் வெளியிட்டது 1954இல். அதனால் ‘ரேடியோப் பொலிவு மிக்க’ என்று, எதில் பொலிவு என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுவோம்.

சரி, ‘பல அலைநீளம்’. ரேடியோக்காரர்கள் அதிர்வெண்ணில் பேசுகிறார்கள், எக்ஸ் கதிர், காமாக் கதிர் ஆட்கள் ஆற்றலில் பேசுகிறார்கள். நீளத்தை மட்டும் பெயரில் வைப்பானேன்? என் முன்மொழிவு ‘பல்லலைப்பட்டை ஆய்வு’; ரேடியோ, அகச்சிவப்பு, கண்ணுறு ஒளி, எக்ஸ் கதிர் ஒவ்வொன்றும் ஓர் அலைப்பட்டை. வெறும் ‘பல்லலை’ என்று சுருக்கலாம்தான், ஆனால் ஒளி வகையைச் சேராத ஈர்ப்பலையும் (gravitational wave) அலைதானே! அதையும் நியூட்ரினோ என்ற நுண்துகளையும் சேர்த்த ஆய்வுக்குப் ‘பல்தூது’ (multi-messenger) போல வேறு சொல் வேண்டும்.

ஒரே படத்தைப் பல நிறங்களில் எடுப்பதுபோல் இந்த ஆய்வை விளக்குவது போதாது. சென்டாரஸ் ஏ என்ற இன்னொரு ரேடியோ மண்டலத்தைப் பாருங்கள். கண்ணுறு ஒளியில் நீள்வட்ட மண்டலம், குறுக்கே கருந்தூசு. அகச்சிவப்பில் அந்தத் தூசே ஒளிர்கிறது. முன்பு விழுங்கப்பட்ட ஒரு சுருள் மண்டலத்தின் எச்சம் என்று அதன் வடிவத்தைக் கொண்டு கருதுகிறார்கள். எக்ஸ் கதிரில் மையக் கருந்துளையின் அருகிலிருந்து பாய்ந்து கிளம்பும் தாரை (jet) தெரிகிறது. ரேடியோவில் இருபுறமும் விரியும் மடல்கள் (lobes) வானில் ஏறத்தாழ 8 பாகை நீளம், அதாவது 16 முழுநிலாக்களை வரிசையாக வைத்த அளவு. 2010இல் ஃபெர்மி விண்தொலைநோக்கி அதே மடல்களைக் காமாக் கதிரிலும் கண்டது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். ஒளிவேகத்தை நெருங்கி ஓடும் எலெக்ட்ரான்கள் காந்தப்புலத்தில் சுழன்று ரேடியோ அலை தருகின்றன; அதே எலெக்ட்ரான் கூட்டம் பெருவெடிப்பிலிருந்து எஞ்சிய அண்டப் பின்னணிக் கதிர்வீச்சின் ஒளித்துகள்களை மோதிக் காமா வரை உயர்த்துகிறது. ரேடியோவை மட்டும் அளந்தால் எலெக்ட்ரான் அதிகமா, புலம் வலுவானதா என்று பிரிக்க முடியாது. பின்னணிக் கதிர்வீச்சின் அளவு முன்பே தெரியும் என்பதால், காமாவில் எலெக்ட்ரான் கணக்கு தனியே கிடைக்கிறது; அதைக் கொண்டு புலத்தையும் மதிப்பிடலாம். இரு பட்டைகளையும் சேர்த்து வைத்தால்தான் விடை வரும்.

ஒரு சிக்கல் உண்டு: அந்தக் கருந்தூசைச் சிலர் ‘தூசுப் பட்டை’ என்று எழுதுகிறோம். ஒரே கட்டுரையில் இரண்டு பட்டை குழப்பும். அதைத் ‘தூசுத் தடம்’ ஆக்கிவிடலாம்.

அப்புறம், மடலின் நுனியில் தாரை மோதிப் பொலியும் இடத்துக்குச் (hotspot) ‘சூட்டுப்புள்ளி’ வேண்டாம். அங்கிருந்து வருவது வெப்பக் கதிர்வீச்சு அல்ல. ‘மோதுமுனை’ சரிவருமா? இதைவிட நல்ல சொல் இருந்தால் சொல்லுங்கள், மாற்றிக்கொள்ளலாம்.